ரோஸ் துப்பாக்கி: மைதானத்தில் ஜெயித்ததும் சேற்றில் சிக்கியதும்

துப்பாக்கித் தொழிலின் வரலாற்றைக் கொஞ்ச காலமாக வாசித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். சுடுகிற ஆசையெல்லாம் கிடையாது. என் ஆர்வம் வேறு. ஒரு பொருள் நல்லதா, நம்பலாமா என்று மனிதர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்குத் துப்பாக்கி நல்ல பாடம். ஏனென்றால் முடிவு தப்பாகப் போனால் அது கண்ணிலிருந்து ஓரடி தூரத்தில் வெடிக்கும்.

இப்போது அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு சின்னச் சின்னப் பட்டறைகள் போல்ட் துப்பாக்கிக்கான ரிசீவர்களைச் செய்து விற்கின்றன. வாங்குபவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். கம்பெனி புதுசு, பெயர் கேள்விப்பட்டதில்லை, பார்க்க அழகாக இருக்கிறது, வாங்கலாமா?

நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வி ஒரு நாட்டின் முன்னால் வந்து நின்றது. அந்த நாடு கனடா. கேள்வியைக் கொண்டுவந்தவர் சர் சார்லஸ் ரோஸ். கனடா சொன்ன பதிலுக்கு விலை 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கொடுக்கப்பட்டது.

முதலில், ரிசீவர் என்றால் என்ன?

போல்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தாழ்ப்பாள் என்றுதான் பொருள். கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளித் திருப்பிப் பூட்டுகிறோம் இல்லையா, அதே வேலைதான். துப்பாக்கிக் குழலின் பின்வாயில் தோட்டா உட்காரும் இடம் வெடியறை. தோட்டாவை உள்ளே தள்ளி, வாயை அடைத்து, வெடிக்கும்போது பின்னால் திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொள்வது போல்ட். அந்த போல்ட் ஓடுவதற்கும் அதன் தலையிலுள்ள புடைப்புகள் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள இரும்புக் கூடுதான் ரிசீவர். அந்தப் புடைப்புகளை லக் என்பார்கள். தாழ்ப்பாளின் கொண்டி சுவரில் உள்ள வளையத்தில் மாட்டுவது போல லக்குகள் ரிசீவரின் உள்ளே வெட்டிய பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும்? அந்தக் காலத்து ராணுவத் தோட்டா வெடிக்கும்போது வெடியறையில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30, 35 பவுண்டு. இந்த அழுத்தத்துக்கும் சுடுபவரின் முகத்துக்கும் நடுவில் இருப்பது ரிசீவரும் போல்ட்டும்தான். குழல் சரியில்லை என்றால் குறி தப்பும். ரிசீவர் சரியில்லை என்றால் கண் போகும்.

புது ஆள், புது வடிவம், இல்லாத தொழிற்சாலை

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. கனடாவும் படை அனுப்பியது. அப்போது பிரிட்டனின் துப்பாக்கி லீ-என்ஃபீல்ட். கனடா கூடுதல் துப்பாக்கி கேட்டது. பிரிட்டனோ தன் படைக்கே போதாமல் தவித்தது. சரி, எங்கள் ஊரிலேயே வந்து தொழிற்சாலை போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆபத்து நேரத்தில் ஆயுதத்துக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்ற எண்ணம் ஒட்டாவாவில் வலுத்தது. அந்த எண்ணத்தில் தப்பொன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் சரியாக வந்து நின்றார் ரோஸ். ஸ்காட்லாந்தில் பெரிய நிலக்கிழார் குடும்பம், ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் படிப்பு. இருபது வயதை ஒட்டியே துப்பாக்கி வடிவமைப்புக்குக் காப்புரிமை எடுத்தவர். சொந்தப் பணத்தில் கனடாவிலேயே தொழிற்சாலை கட்டுகிறேன், உங்கள் ராணுவத்துக்கு என் துப்பாக்கியைத் தருகிறேன் என்றார். அரசுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

அவருடைய துப்பாக்கியின் தனித்தன்மை இதுதான். வழக்கமான போல்ட்டில் கைக்கு நாலு வேலை: கைப்பிடியைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே இறக்கு. ரோஸில் இரண்டே வேலை, நேராக இழு, நேராகத் தள்ளு. கைப்பிடி இணைந்த வெளிக்குழாயின் உள்ளே திருகு போல வளைந்த பள்ளங்கள் இருக்கும். நாம் நேராகத் தள்ளும்போது அந்தப் பள்ளங்கள் உள்ளே இருக்கும் போல்ட்டைத் தானாகத் திருப்பிப் பூட்டிவிடும். ஆஸ்திரியாவின் மான்லிஷர், சுவிட்சர்லாந்தின் ஷ்மிட்-ரூபின் எல்லாம் அதே பாணிதான். ஆகவே யோசனை அந்தரத்திலிருந்து வந்ததல்ல. வேகமாகச் சுடலாம், குறி பார்த்த கண்ணை எடுக்காமல் சுடலாம் என்பது அதன் கவர்ச்சி.

1901: சோதனை

கனடா அரசு ஒரு குழு போட்டது. லீ-என்ஃபீல்டையும் ரோஸையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். குழுவில் ஒருவர் சாம் ஹியூஸ். நாடாளுமன்ற உறுப்பினர், தன்னார்வப் படை அதிகாரி, நல்ல குறிகாரர், தான் சொன்னதே சரி என்று நிற்பவர். ரோஸ் துப்பாக்கி அவருக்குப் பிடித்துப்போனது. அந்தப் பிடிப்பு அடுத்த பதினைந்து வருஷம் தளரவே இல்லை.

சோதனையில் ரோஸ் ஒரேயடியாக ஜெயிக்கவில்லை. தொடர்ந்து வேகமாகச் சுட்டபோது திணறியது. தோட்டாக்கள் சரியில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. குழு அதை ஏற்றுக்கொண்டு, வடிவமைப்பைப் பரிந்துரைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தோட்டா சரியில்லை என்ற பதில் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உண்மையாகவே தோட்டாவில் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் அடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதே தோட்டா லீ-என்ஃபீல்டில் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால், யுத்தத்தில் எந்தத் தோட்டா கைக்கு வரும் என்பதை யார் உத்தரவாதம் தருவது?

1902இல் ஒப்பந்தம் ஆனது. 1903க்குள் 12,000 துப்பாக்கி, பிறகு வருஷத்துக்கு 10,000. ஒன்றின் விலை 25 டாலர். தொழிற்சாலைக்கு கியூபெக் நகரத்தின் ஆபிரகாம் சமவெளியில் வருஷத்துக்கு ஒரு டாலர் வாடகையில் 99 வருஷக் குத்தகைக்கு நிலம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று அந்தத் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி ஒன்றுகூட உலகத்தில் இல்லை. குழு பார்த்தது மாதிரி. நாடு வாங்கியது உற்பத்தி. இரண்டும் ஒன்றல்ல.

மாதிரியை ஒரு நல்ல கைவினைஞர் அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவிச் செய்துவிடலாம். பத்தாயிரமாவது துப்பாக்கியை அப்படிச் செய்ய முடியாது. அது மெஷின், அளவுகோல், பதம், பரிசோதகர் எல்லாம் சேர்ந்து தர வேண்டியது. புதுத் தயாரிப்பாளர் விஷயத்தில் உண்மையான சந்தேகம் அங்கேதான் வர வேண்டும்.

முதல் எச்சரிக்கை

சொன்ன தேதிக்குத் துப்பாக்கி வரவில்லை. 1905இல்தான் முதல் ஆயிரம் துப்பாக்கிகள் வடமேற்குக் குதிரைப் போலீஸுக்குப் போயின. குறைகள் வரிசையாகக் கிளம்பின. 1906இல் பயிற்சியின்போது ஒரு துப்பாக்கியின் போல்ட் பின்னால் அடித்து ஒரு அதிகாரிக்குக் கண் போனது. போலீஸ் எல்லாத் துப்பாக்கிகளையும் திருப்பி எடுத்துக்கொண்டு பழையதுக்கே போனது.

ராணுவம் என்ன செய்தது? ரோஸிடம் திருத்தச் சொன்னது. அவரும் திருத்தினார். மார்க் 1 போய் மார்க் 2 வந்தது. மார்க் 2வுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று ஐந்து நட்சத்திரம் வரை போனது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு திருத்தம். 1910இல் மார்க் 3 வந்தது. இதில் போல்ட்டின் தலையே மாறிப்போனது. கெட்டியான இரண்டு லக்குகளுக்குப் பதிலாக, பீரங்கியின் பின்கதவில் வருவது போல விட்டுவிட்டு வெட்டிய திருகுமரைகள். பூட்டிக்கொண்டால் இரும்புப் பிடி. அந்த வகையில் அது அந்தக் காலத்தின் மிக வலுவான பூட்டுகளில் ஒன்று. இதை ரோஸின் எதிரிகளும் மறுக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். 1902இல் அங்கீகாரம் கிடைத்தது ஒரு துப்பாக்கிக்கு. 1914இல் படைவீரன் தோளில் இருந்தது வேறொரு துப்பாக்கி. பெயர் மட்டும் அதே.

பிஸ்லி

இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் பேரரசு முழுவதும் திரண்டு வரும் குறிபார்க்கும் போட்டிகள் நடக்கும். 1911இலும் 1913இலும் அங்கே கிங்ஸ் பரிசை வென்றவர்கள் கனடாக்காரர்கள். ரோஸ் துப்பாக்கியின் புகழ் உச்சத்துக்குப் போனது. நீளமான 30.5 அங்குலக் குழல், கச்சிதமான வெடியறை, நல்ல குறிபார்வை. தொலைதூர இலக்குக்கு அதைவிட நல்ல துப்பாக்கி அன்று ராணுவங்களிடம் அபூர்வம்.

1911இல் இன்னொன்றும் நடந்தது. ஆட்சி மாறியது. சாம் ஹியூஸ் ராணுவ அமைச்சரானார். இனி ரோஸைக் குறைசொன்னால் அமைச்சரையே குறைசொன்னதாகும்.

போட்டி மைதானத்தில் துப்பாக்கி எப்படி இருக்கும்? காலையில் துடைத்து எண்ணெய் போட்டிருக்கும். தோட்டா தேர்ந்தெடுத்ததாக இருக்கும். ஒரு குண்டு போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஆற அமர மூச்சு வாங்கலாம். சுடுபவருக்கு மெத்தை உண்டு. தப்பித்தவறித் துப்பாக்கி மாட்டிக்கொண்டால் ஒரு புள்ளி போகும். அவ்வளவுதான்.

ஈப்ரே, ஏப்ரல் 1915

1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தில் ஈப்ரே நகரத்துக்கு வடக்கே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பிரெஞ்சு அணிகள் மூச்சு முட்டிச் சிதறின. அந்த இடைவெளியை அடைக்க வேண்டிய பொறுப்பு முதல் கனடியப் படைப்பிரிவுக்கு வந்தது. அவர்கள் முன்னணிக்கு வந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வேகமாகச் சுட வேண்டிய நேரம். சுடச்சுட துப்பாக்கி சூடேறியது. பித்தளைத் தோட்டாக்கூடு வெடியறைச் சுவரில் விரிந்து ஒட்டிக்கொண்டது. கைப்பிடியை இழுத்தால் வரவில்லை. வீரர்கள் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் காலால் கைப்பிடியை மிதித்தார்கள். பதுங்குகுழி தோண்டும் கருவியின் காம்பால் அடித்தார்கள். அப்படித் திறந்து ஒரு குண்டு போட்டால் மறுபடி மாட்டும். எதிரே ஜெர்மன் காலாட்படை வந்துகொண்டிருந்தது.

அந்தச் சில நாட்களில் கனடியப் பிரிவில் இறந்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் என 6,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் மட்டும் சுமார் 2,000. இவர்களில் எத்தனை பேர் துப்பாக்கி மாட்டியதால் போனார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வாயு, பீரங்கி, எண்ணிக்கை என்று எல்லாமே அவர்களுக்கு எதிராக இருந்தன. ஆனால் பிழைத்து வந்த சுமார் 5,000 காலாட்படையினரில் 1,452 பேர் ரோஸை எறிந்துவிட்டு, செத்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கொடுத்த ஆயுதத்தைப் போட்டுவிட்டு வருவது ராணுவத்தில் குற்றம். அது தெரிந்தே செய்தார்கள். எந்தக் குழுவும் எழுதாத மதிப்பீட்டு அறிக்கை இது.

ஏன் மாட்டியது?

ஒற்றைக் காரணம் தேடினால் கிடைக்காது. மூன்று விஷயங்கள் ஒன்றுகூடின.

முதலாவது, அளவு. ரோஸின் வெடியறை இறுக்கமாக வெட்டப்பட்டது. கனடாவில் கவனமாகச் செய்த தோட்டா அதில் கச்சிதமாக உட்காரும். குறி துல்லியமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். யுத்தம் பெருத்ததும் பிரிட்டனில் எத்தனையோ புதுத் தொழிற்சாலைகள் அவசர அவசரமாகத் தோட்டா செய்தன. அவற்றில் அளவு முன்பின்னாக இருந்தது. எல்லாமே .303 தான். நம்மூர் போலீஸ் ஸ்டேஷன்களில் பல காலம் சாத்திவைத்திருந்தார்களே, அந்த 303 ரகம்தான். லீ-என்ஃபீல்டின் வெடியறை தாராளமானது. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசத்தை அது விழுங்கிக்கொண்டது. ரோஸ் விழுங்கவில்லை.

இரண்டாவது, நெம்பும் சக்தி. சாதாரணப் போல்ட்டில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சாய்வுப் பரப்பு போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் நெம்பும். ஒட்டிய கூடு அங்கேயே விட்டுக்கொடுக்கும். ஜாடி மூடியைத் திருகித் திறப்பதற்கும் அப்படியே பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம். நேராக இழுக்கும் வடிவத்தில் இந்த நெம்பல் குறைவு. வேகத்துக்காகச் செய்த அந்தச் சௌகரியமே, கூடு ஒட்டிய நேரத்தில் பகையாகிப்போனது.

மூன்றாவதுதான் சரியான துயரம். போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அது வெளியே வந்துவிடாமல் தடுக்க ஒரு சின்ன நிறுத்தி இருக்கும். மார்க் 3இல் அந்த நிறுத்தி, போல்ட் தலையிலுள்ள திருகுமரையின் கடைசிப் பல்லில் மோதியது. போல்ட் தலையில் பதம் போதவில்லை, இரும்பு மெத்து. ஓங்கி இழுக்க இழுக்க அந்தப் பல் நசுங்கி விளிம்பு புடைத்தது. புடைத்த பல் ரிசீவரின் பள்ளத்தில் உரசியது. உரசியதால் இன்னும் ஓங்கி இழுக்க வேண்டியிருந்தது. ஓங்கி இழுத்ததால் பல் இன்னும் நசுங்கியது. மாட்டிய துப்பாக்கியை மிதித்துத் திறந்த ஒவ்வொரு வீரனும் தன்னை அறியாமல் அதை மேலும் கெடுத்துக்கொண்டிருந்தான்.

இதைப் போட்டி மைதானம் எந்தக் காலத்திலும் காட்டியிருக்காது. பத்து, இருபது குண்டில் வராத கோளாறு. புதுத் துப்பாக்கியில் வராத கோளாறு. களைத்த கை, சேறு, சூடு, கலப்படத் தோட்டா எல்லாம் சேர்ந்து, திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

நாலாவதாக இன்னொரு விவகாரமும் உண்டு. போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் தப்பாக மாட்டினால், அது துப்பாக்கிக்குள் போகும், மூடும், பூட்டியது போலவே தெரியும். ஆனால் பூட்டியிருக்காது. சுட்டால் போல்ட் முகத்தை நோக்கிப் பின்னால் வரும். பின்னாளில் ஒரு ஆணி அடித்து இதைத் தடுத்தார்கள். பூட்டியபின் அத்தனை வலுவான துப்பாக்கி, பூட்டாமலேயே சுடவும் இடம் கொடுத்தது.

ஒப்புக்கொள்ள ஒரு வருஷம்

1915 ஜூனில் முதல் படைப்பிரிவுக்கு லீ-என்ஃபீல்ட் கொடுக்கப்பட்டது. ஆனால் அடுத்தடுத்து வந்த கனடியப் பிரிவுகள் ரோஸோடுதான் வந்தன. வெடியறையைப் பெரிதாக்கினார்கள். நிறுத்தியை மாற்றினார்கள். கனடியப் படையின் தளபதி ஆல்டர்சன் வெளிப்படையாக எதிர்த்தார். அமைச்சர் ஹியூஸ் அவரைச் சாடிக் கடிதம் எழுதி, அதன் நகல்களை அதிகாரிகள் பலருக்கும் அனுப்பினார். 1916 மே மாதம் ஆல்டர்சன் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். அதே வருஷம் ஹெய்க்கின் முடிவுப்படி மீதிப் பிரிவுகளிடமிருந்தும் ரோஸ் வாங்கப்பட்டது. நவம்பரில் ஹியூஸ் பதவி இழந்தார். 1917 மார்ச்சில் அரசு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. ரோஸுக்கு நஷ்டஈடு 20 லட்சம் டாலர்.

அதே ரோஸை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஒளிந்திருந்து சுடும் ஸ்னைப்பர்கள். கனடியப் பழங்குடி வீரர் ஃபிரான்சிஸ் பெகாமகபோ அந்த யுத்தத்தின் மிகப் பெயர்பெற்ற ஸ்னைப்பர். அவர் கையில் இருந்தது ரோஸ். அவர்கள் துப்பாக்கியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார்கள், தோட்டாவைப் பொறுக்கி எடுத்தார்கள், ஒரு நாளைக்குச் சில குண்டுகளே சுட்டார்கள். அதாவது பிஸ்லி மைதானத்தின் நிலைமையைப் போர்க்களத்திலேயே தங்களுக்கு உண்டாக்கிக்கொண்டார்கள். எனவே ரோஸ் கெட்ட துப்பாக்கி என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது அநியாயம். வேறொரு வேலைக்குத் தேர்வு எழுதிப் பாஸானதை இந்த வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் பழைய கம்பெனியே மேலா?

இதோடு நிறுத்தினால், புதியவனை நம்பாதே, பெயர்பெற்றவனிடம் வாங்கு என்ற பாடம் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அதே வருஷங்களில் அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை 1794இல் நிறுவப்பட்டது. அனுபவத்தில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்வது கஷ்டம். அங்கே செய்த 1903 மாடல் துப்பாக்கிக்கு உலகமெல்லாம் நல்ல பெயர். ஒவ்வொரு துப்பாக்கியையும் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு அழுத்தம் தரும் விசேஷத் தோட்டாவால் சுட்டுப் பார்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். 1917இல் அந்தத் துப்பாக்கிகளில் சில வெடித்துச் சிதறின. ரிசீவர் வளையவில்லை, விரியவில்லை, கண்ணாடி போல நொறுங்கியது.

விசாரித்தால் காரணம் உலைக்களத்தில் இருந்தது. இரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது எவ்வளவு சூடு என்பதை அனுபவசாலிகள் கண்ணால், நிறத்தை வைத்துச் சொல்லிவந்தார்கள். நம்மூர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் போடும்போது நிறம் பார்ப்பது போலத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன். ஆனால் மேகம் மூடிய நாளில் சரியான சிவப்பாகத் தெரியும் இரும்பு, நல்ல வெயில் நாளில் மங்கலாகத் தெரியும். இன்னும் காய வேண்டும் என்று தோன்றும். வெயில் அடித்த நாட்களில் இரும்பை வழக்கத்தைவிடப் பல நூறு டிகிரிவரை கூடுதலாகக் காய்ச்சியிருந்தார்கள். இரும்பு கருகி, உள்ளே நொய்ந்து, வெளியே பளபளப்பாக வந்தது.

சோதனைத் தோட்டாவில் ஏன் தெரியவில்லை? நொய்ந்த இரும்பு கடினமானதுதான். சீராக ஏறும் பாரத்தைத் தாங்கிவிடும். திடீர் அடியைத்தான் தாங்காது. யுத்த அவசரத்தில் செய்த சில தோட்டாக்களின் பித்தளை மெத்தாக இருந்தது. கூடு கிழிந்து வாயு பின்னால் பீறிட்டு ரிசீவருக்குள் அடித்தபோது அது சிதறியது. பின்னால் சோதித்தபோது அப்படிப்பட்ட ரிசீவரை ஒரு சுத்தியல் அடியிலேயே உடைக்க முடிந்தது.

1918இல் வெப்பமானிக் கருவிகளும் இரட்டைப் பதமும் வந்தன. ஆனால் அதற்கு முன் செய்தவை ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000 வரிசை எண் வரை, ராக் ஐலண்டில் 2,85,507 வரை. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். எது நொய்ந்தது, எது நல்லது என்று உடைக்காமல் கண்டுபிடிக்க வழியில்லை. ராணுவப் பொறியாளர் ஜூலியன் ஹாட்சர் 1917 முதல் 1929 வரை வெடித்த 68 துப்பாக்கிகளைப் பட்டியலிட்டார். பத்து லட்சத்தில் 68. சின்ன எண்தான், அந்த 68இல் ஒன்று நம் தோளில் இல்லாதவரை. இன்றைக்கும் அந்த எண்களுக்குக் கீழே உள்ளவற்றைச் சுடாதீர்கள் என்றுதான் அறிவுரை.

மறுபுறம் ஜப்பானின் அரிசாகா. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க வீரர்கள் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்த துப்பாக்கி. கடைசி மாதங்களில் அவசரமாகச் செய்தவை கரடுமுரடாக இருந்தன. தகரம், குப்பை என்று பேர். துப்பாக்கித் தொழிலாளர் பி. ஓ. ஆக்லி பல நாட்டு ரிசீவர்களை எடுத்து, மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், எது எப்போது வெடிக்கிறது என்று பார்த்தார். மற்றவை ஒவ்வொன்றாய்க் கைவிட, கடைசிவரை நின்றது அரிசாகாவின் பழைய டைப் 38. கண்ணுக்கு அழகு, கம்பெனிக்குப் பெயர் என்ற இரண்டு அளவுகோலுமே அங்கே செல்லவில்லை.

எதைக் கேட்பது

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதுத் தயாரிப்பாளரின் ரிசீவரைக் கையில் எடுப்பவர் கேட்க வேண்டியவை ஓரளவு தெளிவாகின்றன என்று நினைக்கிறேன்.

போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா, குறி எவ்வளவு நெருக்கம் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். அவை பிஸ்லிக் கேள்விகள். அவசியம்தான், போதாது. இரும்பு என்ன ரகம், பதம் யார் போட்டது, கடினத்தை எந்த இடத்தில் அளந்தார்கள், ஒவ்வொன்றையும் அளந்தார்களா அல்லது நூறில் ஒன்றையா என்பது ஸ்பிரிங்ஃபீல்ட் கேள்வி. லக்குகள் இரண்டும் சமமாக உட்காருகின்றனவா, போல்ட்டை எதில் மோதி நிறுத்துகிறார்கள், ஆயிரம் தடவை இழுத்தபின் அந்த இடம் எப்படி இருக்கிறது, தப்பாக மாட்டினால் சுட முடியுமா, தோட்டா கொஞ்சம் பெருத்திருந்தால் என்ன ஆகும் என்பவை ஈப்ரே கேள்விகள்.

இன்னொன்றும் உண்டு. எல்லாம் கைவிட்டுக் கூடு கிழிந்தால் வாயு எங்கே போகும்? 1898 மௌசரில் போல்ட்டிலேயே வாயு வெளியேற ஓட்டைகள் வைத்திருந்தார்கள். முன் லக்குகள் உடைந்தால் பிடித்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு லக்கும் உண்டு. தன் வேலை தோற்றுப்போகலாம் என்று யோசித்து அதற்கும் இடம் விட்டவரின் வடிவம் அது.

இங்கிலாந்தில் 1637இலிருந்தே லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்குச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரம் உண்டு. பர்மிங்காமில் 1813இல் சட்டப்படி சோதனைக்கூடம் வந்தது. செய்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டக் கட்டாயம் கிடையாது. அங்கே புதுக் கம்பெனியின் வார்த்தையை வாங்குபவரே சோதித்தாக வேண்டும்.

கனடாவில் சோதிப்பவர் இல்லாமல் இல்லை. குழு இருந்தது, போலீஸ் இருந்தது, ஆல்டர்சன் இருந்தார். 1901இல் துப்பாக்கி திணறியதைப் பார்த்தார்கள். 1906இல் ஒருவர் கண்ணை இழந்தார். 1915இல் 1,452 பேர் அதை எறிந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தோட்டா, பயிற்சி, சேறு என்று தனித்தனியே ஒரு காரணம் சொல்லப்பட்டது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. காரணம் கிடைத்ததும் கேள்வியை மூடிவிட்டார்கள். அந்தப் பதினைந்து வருஷத்தில் அந்தத் துப்பாக்கி நாலு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தது.